வெயிலில் பார்த்து வாங்கிய லைட்

ஐந்து வருடம் கல்யாண மண்டபங்களில் அடுத்தவர் கேமராவுக்கு லைட் பிடித்தவன் நான். கையில் ஒரு கம்பு, அதன் உச்சியில் ஒரு லைட். அதைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளைக்குப் பின்னால் ஓட வேண்டும். பந்தியில் மட்டும் ஓட வேண்டியதில்லை. சாப்பிடுகிறவர்களின் முகத்துக்கு நேராக லைட்டை அடித்து, வாயில் வைத்த அப்பளத்தோடு அவர்களை முறைக்க வைத்தால் போதும். திண்டுக்கல்லைச் சுற்றி எத்தனை மண்டபம் உண்டோ அத்தனையிலும் யாராவது ஒருவர் சாம்பார் வாளியால் என்னை இடித்திருக்கிறார். இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, வெளிச்சத்தைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் இந்த ஜில்லாவில் கிடையாது என்ற முடிவுக்கு வந்தேன். சொந்தமாக ஒரு போர்ட்ரெய்ட் ஸ்டுடியோ வைப்பதென்று தீர்மானித்தேன்.

இடம் கொடுத்தது மாமா. அம்மாவின் அண்ணன். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், அதிகாரத்திலிருந்து இல்லை. அவருடைய கட்டிடத்தில் கீழே மாவு மில், மேலே ஒரு காலி அறை. மில் ஓடும்போது அறை லேசாக நடுங்கும். கீழே மிளகாய் அரைக்கிற நாளில் மேலே உட்காருகிறவர்களுக்குக் கண் கலங்கும். "படத்துல ஃபீலிங் நல்லா வந்திருக்கு" என்று பிற்பாடு சில வாடிக்கையாளர்கள் அதையும் பாராட்டினார்கள்.

எனக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததைப் படித்தால் யாரும் நம்ப மாட்டார்கள். முதல் ஸ்டுடியோவுக்கு மூன்று லைட், நான்கு லைட் எல்லாம் தேவையில்லை. நல்ல ஃபிளாஷ் ஒன்று, அதற்கு ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. சாஃப்ட்பாக்ஸ் என்பது கூடாரத் துணியில் விரிகிற கறுப்புப் பெட்டி; முன்பக்கம் வெள்ளைத் துணி கட்டியிருக்கும். லைட்டின் முரட்டுத்தனத்தை எல்லாம் அந்தத் துணி வாங்கிக்கொண்டு, முகத்துக்குப் பதமாகக் கொடுக்கும். கருப்போ சிவப்போ, எந்த முகமும் அதன் முன்னால் தன் நிறத்திலேயே அழகாக இருக்கும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஐந்து வருடமும் எண்ணற்ற யூடியூப் வீடியோக்களும் ஆகியிருந்தன.

இந்த இடத்தில் என் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காந்திகிராமத்தில் படித்தவள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. நிறம் கருப்பு. ஆனால் எங்கள் சொந்தபந்தத்தில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு நாகரிகமானவர்கள். "பொண்ணு களையா இருக்கும்" என்பார்கள். பெண் பார்க்கிற விஷயத்தில் ஒரு பெண்ணைக் களை என்று சொன்னால், கேட்கிறவர்கள் அடுத்ததாக நகை எத்தனை பவுன் என்று கேட்பார்கள்.

அவளுக்கு இரண்டு இடம் வந்து போயிருந்தது. இரண்டு முறையும் வேறொரு ஸ்டுடியோவில் எடுத்து, கம்ப்யூட்டரில் சுண்ணாம்பு அடித்த போட்டோதான் போனது. போட்டோவைப் பார்த்துச் சம்மதித்து வந்தவர்கள், கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள், அவளைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். மறுநாள் ஜாதகம் சரியில்லை என்று தகவல் வரும். ஜாதகம் பார்த்து முடித்த பிறகுதான் அவர்கள் பஜ்ஜி சாப்பிடவே வந்தார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது முறை முடிந்த அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள். "இன்னொரு தடவ நிக்கிறேன். அதுவும் இப்படி ஆச்சுன்னா, அதுக்கப்புறம் எவங்க முன்னாடியும் தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். சொல்லிட்டேன்." குரலை உயர்த்தவில்லை, ரசம் கேட்கிற குரலில்தான் சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமே வேண்டாம் என்கிறவளும் இல்லை. ஒருநாள் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்: "எனக்குன்னு ஒரு வீடு வேணும்ணே. அதுல காலைல டீய நான் போடக்கூடாது. இன்னொருத்தரு போட்டு என்ன எழுப்பணும்."

மாமா அறை கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஸ்டுடியோவில் முதல் போட்டோ தங்கச்சிக்கு. லைட்டும் அதற்குத் தோதாக வாங்க வேண்டும். "கம்ப்யூட்டர்ல வெளுத்தா அது பித்தலாட்டம் அப்பு. லைட்டுல வெளுத்தா அது ஒரிஜினல்" என்றார். "இவளுக்கு முடிஞ்சுதுன்னு வையி, ஊர்ல உள்ள பொண்ணு பூராம் உன் கடைக்குத்தான் வரும்."

நான் அதை மறுத்துப் பேசவில்லை. ஊரில் உள்ள பெண்கள் எல்லாம் மாவு மில் படிக்கட்டில் வரிசையில் நிற்பதை ஒரு நிமிடம் கற்பனை செய்து பார்த்தேன், பிடித்திருந்தது.

ஒரு புதன்கிழமை மாமாவின் காரில் மதுரைக்குக் கிளம்பினோம். லைட் வாங்க நான் ஒருவன் போதும் என்றேன். அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அம்மா சின்னாளப்பட்டிச் சேலைகளை வாங்கி வந்து வீட்டிலேயே வைத்து விற்பவள். யாருக்குச் சேலை எடுக்கிறோமோ அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், தோளில் போட்டுப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பது அவளுடைய சட்டம். லைட்டுக்கும் அதே சட்டம்தான். ஆகவே தங்கச்சி லேபுக்கு லீவு போட்டாள். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குள் பில் போட வேண்டும் என்பதால் எட்டரைக்கே வண்டி எடுத்தாயிற்று. முகூர்த்தப் பட்டு எடுக்கப் போகிற குடும்பத்துக்கும் எங்களுக்கும் இருந்த ஒரே வித்தியாசம், அவர்களுக்கு மாப்பிள்ளை இருப்பார்.

கடையில் நான் மனதில் வைத்திருந்த ஃபிளாஷை எடுத்து வைக்கச் சொன்னேன். கடைக்காரர் பொறுமைசாலி. சாஃப்ட்பாக்ஸை விரித்து மாட்டி, தங்கச்சியை நாற்காலியில் உட்கார வைத்து, ஒருமுறை அடித்துக் காட்டினார். பளிச்சென்று அடித்து ஓய்ந்தது. அருமையான வெளிச்சம். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"அம்புட்டுத்தானா?" என்றாள் அம்மா.

"ஆமாங்கம்மா. போட்டோ எடுக்கையில மட்டும் அடிக்கும்."

"மத்த நேரம்?"

"மத்த நேரம் சும்மா இருக்கும்."

"சும்மா இருக்கத்தான் வீட்ல ஒருத்தன் இருக்கானே" என்று அம்மா என் பக்கம் கையைக் காட்டினாள். "வெட்டி வெட்டி அடிச்சா மொகம் எப்படிய்யா வெளுக்கும்? துணியே செத்த நேரம் வெயில்ல கெடந்தாத்தான வெளுக்குது."

மாமா தன் பங்குக்கு, "வாட்ஸ் எம்புட்டு?" என்று கேட்டார். ஒவ்வொரு லைட்டிடமும் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். கடைக்காரர் சொன்ன எண் எதுவாக இருந்தாலும் உதட்டைப் பிதுக்கினார்.

அதன் பிறகுதான் அம்மா அதைச் சொன்னாள். "வெளில எடுத்துட்டு வாங்க. வெயில்ல வச்சுப் பாத்துக்கிறேன்."

கடைக்காரருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது, காதெல்லாம் சூடாகிவிட்டது. எந்தத் துணியையும் தெருவுக்குக் கொண்டு போய் வெயிலில் விரித்துப் பார்க்காமல் அம்மா வாங்கியதில்லை. கடைக்குள் இருக்கும் விளக்கு எல்லாக் கலரையும் மாற்றிக் காட்டும், வெயிலில்தான் உண்மைக் கலர் தெரியும் என்பது அவள் தொழிலில் கற்றது. சேலைக்கு அது நூற்றுக்கு நூறு சரி.

"மேடம், இது லைட்டு" என்றார் கடைக்காரர்.

"தெரியுது. நாங்களும் கண்ணோடதான் வந்திருக்கோம். வெயில்ல பாக்காம எதையும் வாங்க மாட்டேன்."

"நல்ல லைட்டுன்னா எங்க வச்சாலும் தெரியணும்யா" என்று மாமா தீர்ப்பைச் சொல்லிவிட்டு, தானே எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தேடி வயரை வாசலுக்கு இழுக்க ஆரம்பித்தார். முப்பது வருடம் ஊருக்குக் கரண்டு இழுத்தவருக்கு இருபதடி வயர் ஒரு பொருட்டா. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் விலைப்பட்டியலைப் பார்த்தேன்.

மணி பதினொன்றரை. மதுரை வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நடைபாதையில் நிறுத்தியிருந்த இரண்டு பைக்குகளைத் தள்ளி வைத்து, அந்த இடத்தில் தங்கச்சியை நிற்க வைத்தார்கள். எதிரே ஸ்டாண்டில் என் ஃபிளாஷ். பழ ஜூஸ் வண்டிக்காரர் ஜூஸ் பிழிவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கடைக்காரர் அடித்தார். யாரும் எதையும் கவனிக்கவில்லை.

"அடிச்சாச்சா?" என்றாள் அம்மா.

"அடிச்சாச்சும்மா."

"எனக்கு ஒண்ணும் படலயே. உனக்குப் பட்டுச்சாடி?"

"எனக்கு வெயிலுதான் படுது" என்றாள் தங்கச்சி. முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

என் ஃபிளாஷ் அந்த இடத்திலேயே தோற்றுப்போனது. அடுத்து வந்த இரண்டும் தோற்றன. நான்காவதாகக் கடைக்காரர், சீக்கிரம் விட்டால் போதும் என்ற முகத்தோடு, ஒரு ராட்சத எல்.இ.டி.யை எடுத்து வந்தார். துணி கிடையாது, முன்னால் பளபளவென்று ஒரு வெள்ளிக் கிண்ணம். பெரிய ஹாலை வெளிச்சமாக்க, அல்லது எதிர்ச்சுவரில் அடித்துப் பயன்படுத்த வாங்குகிற சாமான். யாருடைய முகத்துக்கும் நேராக வைக்கிற சாமான் இல்லை. ஸ்விட்சைப் போட்டதும் தங்கச்சி இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டாள். ஜூஸ் வண்டிக்காரர், "ஏப்பா, அங்கிட்டு திருப்புங்கப்பா" என்றார்.

"இது லைட்டு" என்றார் மாமா.

"இது எரிச்சிரும் மாமா. மூக்கு, கன்னம் எல்லாம் காணாமப் போயிரும். இத நேரா வைக்கக் கூடாது, குறைஞ்சது முன்னாடி சாஃப்ட்பாக்ஸாவது போடணும்" என்று நான் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

"நீ அஞ்சு வருசம் கம்பப் பிடிச்ச. நான் முப்பது வருசம் ஊருக்கே வெளிச்சம் குடுத்தேன்."

அம்மா சாஃப்ட்பாக்ஸின் வெள்ளைத் துணியை இரண்டு விரலால் கசக்கி, முகர்ந்து பார்த்தாள். "இது நைலானு. இதவிட நல்ல துணி நம்ம வீட்ல குப்பையாக் கெடக்கு. துணி விக்கிறவ துணியக் காசு குடுத்து வாங்குறதா? அதுலயும் இம்புட்டு வெளிச்சத்தக் காசு குடுத்து வாங்கி, அத மறைக்கத் தனியாக் காசா?"

அறை மாமாவுடையது. நான் வாயை மூடிக்கொண்டேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பில் போட்டார்கள். லைட்டோடு இலவசமாக லென்ஸ் துடைக்க ஒரு சின்னத் துணி கொடுத்தார் கடைக்காரர். அம்மா அதையும் கசக்கிப் பார்த்தாள்.

அடுத்த வளர்பிறையில் ஸ்டுடியோ திறந்தோம். மாம்பழக் கலர்ப் பட்டுச் சேலையில் தங்கச்சி உட்கார்ந்தாள். லைட்டைப் போட்டேன். அறையில் இருந்த ஈ எறும்பெல்லாம் வெளியேறின. கேமராவில் பார்த்தால் அவளுடைய மூக்கு இல்லை. மூக்குத்தி மட்டும் அந்தரத்தில் நின்றது. நெற்றியும் கன்னமும் ஒரே வெள்ளைத் திட்டு.

அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இப்பத்தான்டா என் பிள்ள லட்சணமா இருக்கா" என்றாள். மாமா கையைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டினார்.

தங்கச்சியும் வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "அண்ணே, இந்தப் பொண்ணுக்கு ஹீமோகுளோபின் பாக்கணும். இம்புட்டு வெளுப்பு ஒடம்புக்கு நல்லதில்ல."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை என்பது எனக்கு இப்போது நினைவிருக்கிறது.

கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம் உண்டு. பெருவிரலால் நான்கு சொடுக்குத் திருப்பினால் அந்த முரட்டு லைட்டிலும் அவள் முகம் அவள் முகமாகத் திரும்பி வந்திருக்கும். அவ்வளவு அழகாக இருந்திருக்காது, ஆனால் அவளாக இருந்திருக்கும். லைட் வாங்கியது அம்மாவும் மாமாவும் என்று நான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சக்கரம் என் விரலுக்கு அடியில்தான் இருந்தது. நான் திருப்பவில்லை. படிக்கட்டில் வரிசையில் நிற்கிற பெண்களை நினைத்துக்கொண்டு படத்தை எடுத்தேன்.

தரகரின் வாட்ஸ்அப்புக்குப் போட்டோ போன இரண்டாம் நாள் இடம் வந்தது. ஒட்டன்சத்திரம் பக்கம். தோட்டமும் காய்கறி மண்டியும் உள்ள குடும்பம், ஒரே பையன். ஜாதகம் பொருந்தியது. மாப்பிள்ளை தரகர் மூலமாகவே தங்கச்சியின் நம்பரைக் கேட்டு வாங்கினார். மூன்று நான்கு தடவை பேசியிருப்பார்கள். ஒருநாள் அவளாகவே வந்து, "அவருக்கு டீ போடத் தெரியுமாம்ணே" என்றாள். வீட்டில் யாரிடமும் காட்டாத ஒரு முகத்தை அன்று என்னிடம் காட்டினாள். இந்த இடம் அவளுக்குப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் அவள் கேட்டாள். "போட்டோ மாதிரி நான் இல்லன்னு அவருகிட்டச் சொல்லிரட்டா?"

"எதுக்கு?" என்றேன். "லைட்டுல எடுத்தா எல்லாப் போட்டோவும் கொஞ்சம் வெளுப்பாத்தான் இருக்கும். அது அவங்களுக்கும் தெரியும். இது தொழில் விசயம், நீ போட்டுக் குழப்பிக்காத."

"நீ சொன்னாச் சரி" என்று போய்விட்டாள். அவ்வளவு பெரிய நிபுணன் சொன்ன பிறகு அவள் வேறென்ன சொல்வாள்.

அவர்கள் பெண் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள், அம்மாவுக்கு அந்த யோசனை உதித்தது. போட்டோவில் ஒரு நிறம், நேரில் ஒரு நிறம் என்பதுதானே பிரச்சினை. அந்த லைட்டையே வீட்டு ஹாலில் மாட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடாதா? மாமா எழுந்து நின்று அம்மாவைப் பாராட்டினார். தனி வயர் இழுத்து, ஹால் மூலையில் ஸ்டாண்டை நிறுத்தி, பெண் வந்து நிற்க வேண்டிய இடத்துக்குத் தரையில் சாக்பீஸால் ஒரு அடையாளமும் போட்டார். லைட்டைச் சரியான உயரத்தில் திருப்பி வைத்துக் கொடுத்தது நான். கைக்காரியம் என்று வந்தால் நான் சோம்பேறி இல்லை.

லேபிலிருந்து வந்த தங்கச்சி, "இது எதுக்கு?" என்று கேட்டாள்.

"வீடியோ எடுக்க" என்றேன்.

மறுநாள் பத்து மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. மூன்று பேரும் நல்ல கருப்பு. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் மாப்பிள்ளையின் போட்டோவில் அது கண்ணில் படவே இல்லை. ஆண்களின் போட்டோவில் நாங்கள் மண்டியைத்தான் பார்த்தோம். சோபாவில் உட்கார்ந்ததிலிருந்து அந்த அம்மா புருவத்துக்கு மேல் கையை வைத்தபடியே பேசினார். மாப்பிள்ளையின் அப்பா கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த வெளிச்சத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் எனக்கே தெரியாத விரிசலெல்லாம் தெரிந்தது. மாமா மட்டும் ஒன்றும் நடக்காதவர் மாதிரி முருங்கைக்காய் விலை விசாரித்துக்கொண்டிருந்தார்.

தங்கச்சி காபித் தட்டோடு வந்தாள். சாக்பீஸ் அடையாளத்தில் நிற்கவில்லை. அதை மிதித்துக்கொண்டு கடந்து போய் நேராக அவர்கள் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, கண்ணு ரொம்பக் கூசுதுங்க" என்றார் அந்த அம்மா. "அந்த லைட்ட அணச்சுருங்களே. புள்ள மொகத்தப் பாக்க முடியலீங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா மின்விசிறியைப் பார்த்தார். மூன்று பேரும் அசையவில்லை.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். வீடியோ எடுக்கிற கேமரா எங்கேயும் இல்லை என்பதையும் அப்போதுதான் பார்த்தாள். தட்டை டீப்பாயில் வைத்தாள். மூலைக்கு நடந்து போய் ஸ்விட்சை அணைத்தாள். திரும்பி வந்து அதே இடத்தில் நின்றாள்.

கண் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் எந்த ஏமாற்றமும் இல்லை, இது சத்தியம். அவருடைய அம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்தார், போட்டோவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இது நீயாம்மா கண்ணு?"

தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீதான எடுத்த. அது யாருன்னு நீ சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். "லைட்டு கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளிலேயே கேவலமான வார்த்தை அதுதான்.

அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மாமா பதில் பேசியிருப்பார். "எங்கூட்டுல எல்லாருமே கருப்புத்தானுங்க" என்றார். "போட்டோவப் பாத்துப்போட்டு, இத்தன வெள்ளையா இருக்கற புள்ளைக்கு நம்ம தோட்டத்து வெயிலு ஆகுமான்னு எம்பையன் கவலப்பட்டுட்டு இருந்தானுங்க. கருப்புங்கறதுக்குச் சொல்லலீங்க. போட்டோவும் அப்பிடி, வந்தா ஊட்டுக்குள்ள லைட்டும் மாட்டி வச்சிருக்கறீங்க. இனி நீங்க சொன்ன படிப்பு, நச்சத்தரம் எல்லாத்தையும் நாங்க எப்பிடீங்க நம்பறது?"

காபியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். மரியாதை தெரிந்தவர்கள். மாப்பிள்ளை வாசலில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் அவள் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் லேபுக்குப் போகும்போது பையில் போட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதற்குப் பிறகு தரகர் எத்தனையோ இடம் கொண்டு வந்தார். யார் முன்னாலும் அவள் வந்து நிற்கவில்லை. வெயிலில் பார்த்து வாங்கியதே இப்படிப் பண்ணிவிட்டதே என்று அம்மா இன்றுவரை கம்பெனியைத் திட்டுகிறாள். மாமா வோல்டேஜ் மேல் பழியைப் போட்டு முடித்துவிட்டார். என் மேல் யாரும் பழி போடவில்லை. தங்கச்சி அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

பிற்பாடு நான் தனியாகப் போய், நல்ல நேரம் பார்க்காமல், முதலில் நினைத்த ஃபிளாஷையும் சாஃப்ட்பாக்ஸையும் வாங்கி வந்தேன். அதில் யாரை எடுத்தாலும் அவரவர் நிறத்தில் அழகாக வருகிறார்கள். வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, இம்புட்டு கருப்பா எடுத்திருக்கீங்க" என்று பாதிப் பேர் சண்டைக்கு வருகிறார்கள். நானும் சண்டை போடுகிறேன். சில நாள் தோற்றுப்போய் வெளுத்தும் கொடுக்கிறேன், பொய் சொல்லவில்லை. அறைக்குக் கரண்டு பில் கட்ட வேண்டும்.

தங்கச்சியை உட்காரச் சொல்லிப் பலமுறை கூப்பிட்டேன். சாப்பாடு கொண்டு வருவாள், லைட்டை ஓரமாகச் சுற்றிக்கொண்டு வந்து வைப்பாள், போவாள். "ஒரே ஒரு படம்மா" என்பேன். "யாருக்கு அனுப்ப?" என்பாள்.

சில மாதங்களுக்கு முன் கோயம்புத்தூரில் பெரிய லேப் ஒன்றில் வேலைக்கு எழுதிப் போட்டாள். விண்ணப்பம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மூலையில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் சைஸ் படத்தைப் பார்த்தேன். என் ஸ்டுடியோவைத் தாண்டிப் போய், பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில், ஸ்டூலில் உட்கார்ந்து எடுத்திருக்கிறாள். கடைக்காரர் போனிலேயே எடுத்திருப்பார். மேலே ட்யூப்லைட், பின்னால் யாரோ பிடித்த நீலத் துணி, கண்ணுக்குக் கீழே நிழல், வேலை முடிந்து வந்த நெற்றியில் எண்ணெய். நான் எடுத்திருந்தால் அடுத்த நொடியே அழித்திருப்பேன்.

ஆனால் அதில் இருந்தது என் தங்கச்சி. அதே நிறம், அதே மூக்கு, ரசம் கேட்கிற அதே அமைதி. அவளை ஒருவர் சரியாக எடுத்திருக்கிறார், அவர் நான் இல்லை என்பதை நின்றபடியே தெரிந்துகொண்டேன்.

அவள் அடுப்படியிலிருந்து வந்தாள். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணு மிச்சம் இருந்தா எனக்குத் தாரியா?" என்று கேட்டேன்.

கைப்பையைத் திறந்து ஒரு சின்னக் கவரை எடுத்தாள். அதிலிருந்து ஒன்றை உருவி, நீட்டாமல் கொஞ்ச நேரம் தன் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கொடுத்தாள்.

"வச்சுக்கண்ணே" என்றாள். "யாருக்கும் அனுப்பிராத."